எள் ஒவ்வாத வீட்டில் சமைப்போர் செய்யும் தவறுகள்

எள்ளுருண்டை, எள்ளுப்பொடி இரண்டையும் எல்லோரும் தாமாகவே ஒதுக்கிவிடுகிறார்கள். கோபிசெட்டிபாளையம் பக்கம் விசேஷ வீடுகளுக்குச் சமைக்கப் புதிதாக வருகிறவர்கள் இடறும் இடங்கள் வேறு. அவற்றை மட்டும் சொல்கிறேன்.

செக்கில் ஆட்டியது ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை

இதைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. ஒரு சீர் வீட்டில், பையனுக்கு எள் ஆகாது என்று தாய் முன்கூட்டியே சொல்லியிருந்தார். புதிதாக வந்த சமையல்காரர் பொடியைத் தொடவே இல்லை. ஆனால் அரிசிம்பருப்புச் சோற்றின்மேல் ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் பையனுக்கு உதடு வீங்கிக் குரல் கம்மியது. 108க்கு அழைத்தோம், பிழைத்துக்கொண்டான். "கலப்படமே இல்லைங்க, எங்கள் காட்டு எள்ளைக் கண்ணெதிரே ஆட்டியது" என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

கலப்படம் இல்லாததுதான் இங்கே ஆபத்து. ஒவ்வாமையைக் கிளப்புவது எள்ளின் புரதம். ஆலையில் சுத்திகரிக்கும்போது அதில் பெரும்பகுதி நீங்கிவிடும். செக்கில் எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டி, வெயிலில் தெளியவைத்துத் துணியில் வடிகட்டுவதோடு வேலை முடிந்தது. தூக்குப்போசியின் அடியில் பழுப்பாகப் படியும் கசடைப் பாருங்கள்: அரைபட்ட எள்தான் அது. தெளிந்து மேலே நிற்கும் எண்ணெயிலும் புரதம் இருக்கும்.

சரி, கடலை எண்ணெய்க்கு மாறிவிடலாம் என்பார்கள். எந்தச் செக்கில் ஆட்டியது என்று யாரும் கேட்பதில்லை. காலையில் எள் ஆட்டிய உரலிலேயே மதியம் கடலைக்காய்ப் பருப்பைக் கொட்டுவார்கள். உரலின் சுவரில் எள்ளுப் புண்ணாக்கு ஒட்டிக்கொண்டே இருக்கும். கடலைக்கென்றே தனிச் செக்கு வைத்திருப்பவரிடம் வாங்குங்கள். எள் ஆகாத சிலருக்குக் கடலையும் ஆகாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எள்ளை வறுத்தால் ஒவ்வாமை போய்விடுமா?

போகாது. வாசம்தான் கூடும்.

ஊறுகாய்

நல்லெண்ணெய் படாத ஊறுகாய் நம் பக்கம் அரிது. கேட்காமல் வைக்காதீர்கள்.

லேபிளை நம்பி இருந்துவிடுவது

அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள்ளும் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள். நம் நாட்டில் 2020இல் வந்த லேபிள் விதிகளின் ஒவ்வாமைப் பட்டியலில் கடலை இருக்கிறது, பால் இருக்கிறது, எள் இல்லை. எனவே தனி எச்சரிக்கை வரி இல்லாததை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சேர்மானங்களை முழுவதும் படியுங்கள். முறுக்கு, தட்டுவடை, கச்சாயம் என்று எடை போட்டு விற்பவற்றுக்கு லேபிளே கிடையாது. செய்தவரைத்தான் கேட்க வேண்டும்.

காணாக்கடி (கண்ணில் படாத பூச்சி கடித்தது) என்று விட்டுவிடுவது

தடிப்பு வந்தால் "எள் சூடு, பித்தம்" என்று சொல்லி மந்திரிக்கக் கூட்டிப்போகும் வீடுகள் இன்னும் உண்டு. சாப்பிட்ட சற்று நேரத்தில் தடிப்போடு வாந்தியோ, மூச்சிரைப்போ, மயக்கமோ சேர்ந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். லேசான தடிப்போடு நின்றுவிட்டாலும் மருத்துவரிடம் காட்டி எள்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கலாம் என்று வீட்டில் சோதிக்காதீர்கள்.

எள்ளுக்குப் பதில்

இட்லிப் பொடியில் கொப்பரையை வறுத்துச் சேர்த்தால் எண்ணெய்ப்பசையும் மணமும் கிடைக்கும். குழைத்துக்கொள்ள நெய் போதும். மிக்ஸி ஜார் மட்டும் எள் அரைத்ததாக இருக்கக்கூடாது; மூடியின் ரப்பர் வளையத்துக்கு அடியில் பொடி தங்கியிருக்கும், கழுவினாலும் முழுதாகப் போவதில்லை. தனி ஜார் வாங்கிவிடுங்கள்.