கடைவீடு வாங்க அடுத்தவர் பணம்: கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவை

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் நிலத்துக்குப் பங்கு சேர்க்கிறோம் என்றால் சனம் உடனே காது கொடுக்கும். பழைய பழக்கம். 1960இல் அப்போதைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக (அன்றைய நாணயம்) சேர்த்துத்தான் தோட்டங்களை வாங்கினார். ஆனால் அது முறையாகப் பதிவான கூட்டுறவுச் சங்கம். நீங்களும் நானும் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து அதுமாதிரி வசூல் பண்ண முடியாது.

முதல் படி, யாரிடம் கேட்பது. பொதுமக்களிடம் பணம் வாங்கி, முதலோடு இவ்வளவு சேர்த்துத் தருகிறேன் என்றால் அது வைப்புத்தொகை. லைசென்ஸ் இல்லாமல் வாங்கினால் 2013 நிதிச் சேவைச் சட்டப்படி குற்றம். கூட்டு (சீட்டு) பிடிப்பதைத் தொழிலாக நடத்தவும் 1971லிருந்தே தடை. மூலதனச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டீஸ் கமிஷன் சொல்லும் 'சொபிஸ்டிகேட்டட்' முதலீட்டாளர்களுக்கு மட்டும் விதிகள் கொஞ்சம் இளகும். தனி ஆள் என்றால் நிகரச் சொத்து 30 லட்சம் ரிங்கிட்டுக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்கு மேல், கணவன் மனைவி சேர்ந்து 4 லட்சத்துக்கு மேல். குடியிருக்கும் வீட்டை முழுசாகக் கணக்கில் காட்ட முடியாது.

நான் முதலில் போட்ட பட்டியலில் ஏழு பெயர். நாலு பேர் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்று, ஈ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) பணத்தைக் கையில் வைத்திருந்தவர்கள். பழைய கிராணி (தோட்டத்துக் கணக்குப்பிள்ளை) ஐயா ஒருவர் தாளை வாங்கிப் பார்த்தார். "தம்பி, இந்தக் காசு போச்சுன்னா இதுல எத்தனை பேரு வீட்ல மறுநாள் உலை கொதிக்கும்?" என்று கேட்டார். அவருடைய பேனாவாலேயே ஐந்து பெயரை அடித்தேன். மிஞ்சியது இரண்டு பெயர்.

அடுத்து கணக்கு. இங்கேதான் புதியவர்கள் சறுக்குவார்கள். லெலோங்கில் (ஏலத்தில்) 4 லட்சத்துக்கு ஒரு கடைவீடு எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து விழுக்காடு முன்பணம், அதாவது 40,000, பொதுவாக ஏலத்தன்றே பேங்க் டிராஃப்டாக வேண்டும். மீதியைக் கட்டப் பொதுவாக 90 அல்லது 120 நாள். முத்திரை வரி 7,000. லோயர் செலவு, பாக்கி கிடக்கும் நில வரி, கதவு வரி (நகராண்மைக்குக் கட்டுவது), ஒழுகும் கூரை எல்லாம் சேர்த்து 4,70,000 ஆகிறது. ஒரே வருஷத்தில் 5,20,000க்கு விற்றால் லாபம் 50,000 என்று வாய் இனிக்கும். மூன்று வருஷத்துக்குள் விற்றால் ஆர்.பி.ஜி.டி., அதாவது சொத்து விற்ற லாபத்துக்கான வரி, லாபத்தில் 30 விழுக்காடு. போக மிச்சம் சுமார் 35,000. வாங்கி விற்பதே உங்கள் தொழில் என்றால் வருமான வரி வரும், அந்தக் கணக்கே வேறு. முதலீட்டாளரிடம் 35,000த்தைத்தான் சொல்லுங்கள். ஆறு மாசம் விற்காமல் கிடந்தால் என்ன ஆகும் என்றும் அதே தாளில் எழுதுங்கள்.

கிராண்டை (நிலப் பட்டாவை) நில அலுவலகத்தில் தேடிப் பார்க்காமல் யாரையும் கூப்பிடாதீர்கள். ஃப்ரீஹோல்டா (நிரந்தர உரிமையா), லீஸ் என்றால் எத்தனை வருஷம் பாக்கி, மலாய் ரிசர்வா (மலாய்க்காரர்களுக்கு ஒதுக்கிய நிலமா), கேவியட் (கைமாற்றத் தடை) இருக்கிறதா எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

அப்புறம் ஒப்பந்தம். வட்டிக்குக் கடன் என்று எழுதினால் லைசென்ஸ் கேட்கும் 1951 கடன் கொடுப்போர் சட்டம் குறுக்கே வரும். அதனால் ஒரு செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் நிறுவனம்) திறந்து பங்காகக் கொடுப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அதில் பங்குதாரர் 50 பேரைத் தாண்டக் கூடாது, பொதுவில் விளம்பரம் போட்டுப் பங்கு விற்கவும் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் விளம்பரம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். எழுதித் தரும் லோயர் உங்கள் சொந்தக்காரராக இல்லாமல் இருந்தால் நல்லது.

பணத்தை உங்கள் சொந்தக் கணக்கில் வாங்காதீர்கள், லோயரின் கிளையண்ட் கணக்குக்குப் போகட்டும். ரசீது அன்றைக்கே கொடுங்கள். வேலை நடக்கும்போது மாசம் ஒரு முறை கூரையைப் படம் எடுத்து, அந்த மாசச் செலவுச் சீட்டுகளோடு அனுப்பிவிடுங்கள். ஒழுகுகிற படமாக இருந்தாலும்.