சொந்த டெஸ்ட் ரன்னருக்கு ஒருங்கிணைப்புச் சோதனை எழுதும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரச் செம்பனைத் தோட்டம் ஒன்றின் எடை, சம்பளக் கணக்கு மென்பொருளுக்காக நீங்களே ஒரு டெஸ்ட் ரன்னரை (சோதனைகளை ஓட்டி முடிவை அறிவிக்கும் நிரலை) எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தோற்ற சோதனையை வென்றதாக அறிவிப்பதே அது செய்யக்கூடிய மிகப் பெரிய பிழை. அதை நம்பிக் கணக்கை வெளியிட்டால், இழப்பு குலை வெட்டும் தொழிலாளியின் சம்பளத்தில் விழும். ஆகவே ரன்னர் முழுவதையும் ஓட்டிப் பார்க்கும் ஒருங்கிணைப்புச் சோதனையைத் தோல்விகளிலிருந்தே தொடங்குங்கள்.

சிறு மாதிரித் திட்டங்களைத் தனித்தனிக் கோப்புறைகளில் எழுதி வையுங்கள்: தோற்கும் சோதனை, நிரல்மொழி இலக்கணப் பிழையுள்ள கோப்பு, சோதனையே இல்லாத கோப்புறை, முடிவின்றிச் சுழலும் சோதனை, இறுதியாக எல்லாம் வெல்லும் ஒன்று. ரன்னரின் உள் செயற்கூறுகளை அழைக்காமல், பயனர் செய்வதுபோலவே கட்டளை கொடுத்துத் தனிச் செயல்முறையாக (பிராசஸ்) ஓட்டி, எக்ஸிட் கோடையும் (நிரல் முடியும்போது தரும் எண்; 0 என்றால் வெற்றி) வெளியீட்டையும் பிழைச் செய்தியையும் தனித்தனியே சரிபாருங்கள். சோதனை எதுவும் கிடைக்காவிட்டால், பைத்தான் மொழிக்கான பைடெஸ்ட் என்ற ரன்னர் 5 என்ற எக்ஸிட் கோடைத் தருகிறது. பின்பற்றத் தக்க வழக்கம் அது.

பலர் விட்டுவிடும் நிலை ஒன்று உண்டு. ரன்னரின் செயல்முறைக்குள்ளேயே சோதனைகள் ஓடும்போது, அவற்றுள் ஒன்று நடுவில் 0 என்ற குறியீட்டுடன் வெளியேறும் கட்டளையை அழைத்தால், ரன்னரும் உடன் முடிந்துவிடும். மீதிச் சோதனைகள் ஓடாமலே எல்லாம் வென்றதாகத் தோன்றும். இதற்கும் ஒரு மாதிரித் திட்டம் எழுதி, அங்கே எக்ஸிட் கோட் 0 ஆக இருக்கக் கூடாது என்று எதிர்பாருங்கள்.

சுழலும் சோதனையை ரன்னர் நிறுத்திய பின், அந்தச் சோதனை தொடங்கிய துணைச் செயல்முறைகளும் முடிந்தனவா என்று பார்க்க வேண்டும்.

வெளியீட்டை ஒப்பிடும் முன், ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும் நேர அளவையும் தற்காலிகக் கோப்புறையின் பாதையையும் நிலையான சொல்லால் மாற்றிவிடுங்கள். வென்ற, தோற்ற சோதனைகளின் எண்ணிக்கையையும் சோதனை தோற்ற வரியின் எண்ணையும் மட்டும் தொடாதீர்கள். சோதனைப் பெயர்கள் தமிழில் இருந்தால் இன்னொரு கவனம் தேவை: ‘தொழிலாளர்’ என்பதிலுள்ள ‘தொ’வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவோ, கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவோ எழுதலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் பைட்டுகள் வேறு. எதிர்பார்த்த வெளியீடு, கிடைத்த வெளியீடு இரண்டையும் என்எஃப்சி (இத்தகைய குறிகளை ஒன்றாக இணைத்து எழுதும் யூனிகோட் முறை) வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிடுங்கள்.

இந்தச் சோதனைகளை அதே ரன்னரைக் கொண்டு ஓட்ட வேண்டாம். கட்டளைகளை வரிசையாக ஓட்டும் எளிய ஷெல் ஸ்கிரிப்டே போதும். எழுதி முடித்ததும், எப்போதும் 0 தரும்படி ரன்னரை வேண்டுமென்றே மாற்றி ஓட்டிப் பாருங்கள்; தோல்வித் திட்டங்களைச் சரிபார்க்கும் சோதனை ஒவ்வொன்றும் அப்போது தோற்க வேண்டும்.