கஞ்சி போட்ட காகிதத்தில் தமிழ் எழுத்து: வீட்டிலேயே தொடங்குவது எப்படி?

அழகெழுத்து பழக ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஓடுவது பேனா வாங்கத்தான். என்னைக் கேட்டால் காகிதத்திலிருந்து தொடங்குங்கள் என்பேன். கையால் செய்த காகிதத்தில் மை ஏன் ஊறிப் பரவுகிறது, எதைச் செய்தால் பரவாது என்று தெரிந்துவிட்டால் ஐஸ்கிரீம் குச்சியால் எழுதினாலும் எழுத்து நிற்கும். அது தெரியாமல் விலை உயர்ந்த பேனாவை வாங்கி முரட்டுத் தாளில் வைத்தால், முனையில் நார் சிக்கி, முதல் வரியிலேயே வெறுத்துப்போகும்.

தேவையானவை எல்லாம் வீட்டிலேயே கிடைக்கும். பழைய நோட்டுத் தாள்கள், ஒரே அளவில் இரண்டு மரச்சட்டங்கள் (கண்ணாடி எடுத்த போட்டோ ஃபிரேம் போதும்), ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலையில் ஒரு துண்டு, சட்டம் முழுசாக முங்கும் அளவுக்கு அகலமான டப், பழைய வேட்டித் துணி, ஆரோரூட் மாவு. ஒரு சட்டத்தில் வலையைத் தொய்வில்லாமல் இழுத்து ஆணியோ ஸ்டேப்ளர் பின்னோ அடித்துவிடுங்கள். மற்றொன்று வெறுமனே இருக்கட்டும்.

கூழ்

தாள்களை ஓர் அங்குலத் துண்டுகளாகக் கிழித்து ராத்திரி முழுக்க ஊற வையுங்கள். செய்தித்தாளைத் தவிர்ப்பது நல்லது, அது பெரும்பாலும் மரத்தை அப்படியே அரைத்த கூழில் செய்தது, சீக்கிரம் மஞ்சளாகிவிடும். வழவழ அட்டை, பிளாஸ்டிக் பூசிய அழைப்பிதழ் எதுவும் கரையாது. மறுநாள் ஒரு கைப்பிடித் தாளுக்கு ஜாரில் முக்கால் பாகம் தண்ணீர் என்ற கணக்கில், விட்டுவிட்டு ஓட்டி அரையுங்கள். தண்ணீர் குறைந்தால் மிக்ஸி மோட்டார் சூடாகும். அப்புறம், சமையலுக்கு வைத்திருக்கும் ஜார் வேண்டாம், பழைய ஜார் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள், தாளில் இருக்கும் அச்சு மை வயிற்றுக்குப் போக வேண்டியதில்லை.

அரைத்த கூழை டப்பில் பாதி அளவு தண்ணீரில் கரைத்துவிடுங்கள். கையை உள்ளே விட்டுக் கலக்கினால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக மிதக்க வேண்டும். கட்டியாகத் தெரிந்தால் இன்னும் தண்ணீர் சேருங்கள்.

தாள் எடுப்பது

வலைச் சட்டத்தை வலை மேலே பார்க்கும்படி பிடித்து, அதன் மேல் வெற்றுச் சட்டத்தைப் பொருத்தி, இரண்டையும் சேர்த்துச் சாய்வாக உள்ளே விட்டு, அடியில் நேராக்கி, மட்டமாக மேலே தூக்குங்கள். தண்ணீர் வடியும்போதே இப்படியும் அப்படியும் ஒருமுறை லேசாக ஆட்டினால் நார்கள் பின்னிக்கொள்ளும். வடிந்து முடிகிற நேரத்தில் ஆட்டக் கூடாது, தாளில் கோடு விழும். சொட்டு நின்றதும் மேல் சட்டத்தை எடுத்துவிட்டு, வலைச் சட்டத்தை ஈரத் துணியின் மேல் ஒரு விளிம்பிலிருந்து கவிழ்த்து, வலையின் பின்பக்கத்தைப் பஞ்சால் ஒற்றி, மெதுவாகத் தூக்குங்கள். தாள் துணியிலேயே தங்கிவிடும். கிழிந்தாலும் கவலையில்லை, கூழிலேயே திரும்பப் போட்டுக் கரைத்துவிடலாம்.

துணி, தாள், துணி என்று அடுக்கி, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து அம்மிக்கல்லையோ வேறு கனமான எதையோ ஏற்றுங்கள். தண்ணீர் இறங்கியதும் எழுதுவதற்கான தாளை மட்டும் எவர்சில்வர் தட்டின் அடிப்பக்கத்திலோ ஜன்னல் கண்ணாடியிலோ ஒட்டிக் காயவிடுங்கள். ஒட்டிய பக்கம் வழவழப்பாக வரும், நாம் எழுதப்போவது அதில்தான். நேர் வெயில் வேண்டாம், சுருண்டுவிடும்.

பூவிதழ், மஞ்சள்தூள் எல்லாம் சேர்க்க ஆசையா? போகன்வில்லா இதழ் கூழில் அழகாக உட்காரும். மஞ்சள் நிறம் வெளிச்சத்தில் வெளுத்துப்போகும், ஆகையால் சுவரில் மாட்டப்போகிற தாளுக்கு அது வேண்டாம்.

கஞ்சி

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். காய்ந்த தாளில் ஒரு சொட்டு மை விட்டுப் பாருங்கள், உறிஞ்சி நாலாபக்கமும் காலை நீட்டும். நார்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி அப்படியே திறந்து கிடப்பதுதான் காரணம். அந்த இடைவெளியைக் கஞ்சி அடைத்துவிடும். பருத்திப் புடவைக்குக் கஞ்சி போட்டால் எப்படி விறைத்துக்கொள்கிறதோ அதேதான் இங்கேயும் நடக்கிறது.

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் ஆரோரூட் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, கிளறிக்கொண்டே காய்ச்சுங்கள். வெள்ளை போய்க் கண்ணாடி மாதிரி தெளிந்ததும் இறக்கி, வடிகட்டி, ஆறவிட்டு, அகலத் தூரிகையால் இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசுங்கள். காய்ந்ததும் கரண்டியின் முதுகால் வட்டவட்டமாக அழுத்தித் தேய்த்தால் எழும்பி நிற்கும் நார்கள் படிந்து லேசான மினுமினுப்பு வரும். ஓரத்தில் மறுபடி சொட்டு வைத்துப் பாருங்கள், வட்டம் கலையாமல் நின்றால் தாள் தயார். கலைந்தால் இன்னொரு பூச்சு.

புத்தக பைண்டிங் செய்பவர்கள் பூச்சி அரிக்காமலிருக்கப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவார்கள். அது விஷம், வீட்டில் குழந்தைகளோடு செய்யும்போது வேண்டவே வேண்டாம். தாள் அடுக்கில் காய்ந்த வேப்பிலை போட்டு வையுங்கள், போதும்.

இவ்வளவு வேலை பார்க்கப் பொறுமை இல்லையா, சரி, கைவினைக் காகிதம் விலைக்கும் கிடைக்கிறது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் காகிதக் கூடம் 1959 முதல் பருத்தித் துணியிலிருந்து தாள் செய்துவருகிறது. வாங்கும்போது எழுதுவதற்கா, அலங்காரத்துக்கா என்று கேட்டு வாங்குங்கள்.

எழுத்து

ஐஸ்கிரீம் குச்சியின் நுனியை உளி வாய் போலத் தட்டையாகச் சீவி, உப்புத்தாளில் தேய்த்துக்கொள்ளுங்கள். பேனா தயார். ஃபவுண்டன் பேனா மையில் தொட்டு, கிண்ண ஓரத்தில் வழித்துவிட்டு எழுத வேண்டும். பின்னால் கை பழகியதும் பைலட் பேரலல் என்ற தட்டை முனைப் பேனா வாங்கலாம், 1.5, 2.4, 3.8, 6 மில்லிமீட்டர் எனப் பல அகலங்களில் கிடைக்கும், அதில் முதலில் 3.8 எடுங்கள், தப்பு பளிச்சென்று தெரியும். வழவழத் தாளில் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

எழுத்தின் உயரத்தை முனையின் அகலத்தை வைத்து அளக்கிறார்கள். ஐந்து முனை அகலம் என்பது நல்ல தொடக்கம். மேலே கி, கீ-யின் கொக்கிக்கும் கீழே த, ந, ற இறங்கும் காலுக்கும் தனியாக இடம் விட்டுப் பென்சிலில் மெல்லிய கோடு போட்டுக்கொள்ளுங்கள். தமிழில் வரிக்கு நடுவே கூடுதல் இடம் விடாவிட்டால் மேல் வரியின் காலும் கீழ் வரியின் கொக்கியும் முட்டிக்கொள்ளும்.

இனி கோணம். முனையைப் படுக்கைக் கோட்டுக்கு 45 பாகையில் பிடித்தால் நெட்டுக்கோடும் படுக்கைக்கோடும் ஒரே தடிமனில் வரும். 30 பாகைக்குச் சாய்த்தால் நெட்டுக்கோடு தடிக்கும், படுக்கைக்கோடு மெலியும். ஓலையில் எழுத்தாணி கீறிய கோடு எங்கும் ஒரே தடிமன்தான், அதனால் தமிழ் எழுத்தில் எங்கே தடிக்க வேண்டும் என்பதற்கு ஓலையில் விடை தேடிப் பயனில்லை, 30, 45 இரண்டிலும் எழுதிப் பார்த்து உங்கள் கண்ணுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு 30 பிடிக்கும். எதை எடுத்தாலும் ஒரு பக்கம் முழுக்க அதே கோணம்தான், மணிக்கட்டைத் திருப்பாதீர்கள்.

முதலில் ட, ப, ம. பேனாவை எப்போதும் இழுக்க வேண்டும், மேல்நோக்கித் தள்ளினால் முனை தாளைக் குத்தி மையைத் தெறிக்கும். ஆகவே ப-வை நாம் நோட்டில் எழுதுவதுபோல ஒரே இழுப்பில் எழுதக் கூடாது. இடப்பக்கம் மேலிருந்து இறக்கி, அப்படியே அடிக்கோட்டில் வலப்பக்கம் இழுத்து நிறுத்துங்கள். பேனாவை எடுத்து, வலப்பக்கக் கோட்டையும் மேலிருந்து கீழே இழுத்து அந்த மூலையில் சேருங்கள். சேரும் இடத்தில் மை இன்னும் ஈரமாக இருந்தால் ஒட்டு தெரியாது. ண, ஞ போன்றவற்றின் சுழிகளையும் இப்படியே பாதி பாதியாகப் பிரித்து, மேலிருந்து இடப்பக்கம் ஒரு வளைவு, மேலிருந்து வலப்பக்கம் ஒரு வளைவு என்று போடுங்கள். ண கடைசியில் வரட்டும், மூன்று சுழியும் உள்ளே அடைபடாமல் வர நாளாகும்.

வாழ்த்து அட்டை செய்வதானால் எழுதி மை காய்ந்த பிறகு மடியுங்கள். மடிக்கும் கோட்டில் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்துபோன பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கீறிவிட்டு மடித்தால் தடித்த தாளும் வெடிக்காது. மிச்சக் கூழைச் சிங்க்கில் ஊற்றிவிடாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். துணியில் பிழிந்து உருண்டை பிடித்துக் காயவைத்தால் அடுத்த முறை ஊறப்போட்டு மறுபடி பயன்படுத்தலாம்.