10 பேர் வேலை செய்யும் கடைக்கு ஷிஃப்ட் அட்டவணை போடுவது எப்படி?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் கணக்கும் ஆள் பொறுப்பும் என்னுடையது. மொத்தம் 10 பேர். முன்பு எல்லாரும் காலை 9.30-க்கு வந்து இரவு 9.30-க்குத்தான் வீட்டுக்குப் போவார்கள். ஒரே வருஷத்தில் நாலு பேர் நின்றுவிட்டார்கள். சம்பளம் பற்றி யாரும் குறை சொல்லவில்லை. நேரம்தான் கட்டுப்படியாகவில்லை. அதற்குப் பிறகு மாற்றியதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஆட்களின் பெயரை எழுதாதீர்கள். எந்த மணிக்கு எத்தனை பேர் வேண்டும் என்று எழுதுங்கள். பில் புத்தகத்தை இரண்டு வாரத்துக்குப் புரட்டினாலே தெரிந்துவிடும். எங்களுக்குக் காலையில் 2 பேர் போதும், மாலை 8 வரை 5 பேர், அதற்கு மேல் 3 பேர்.

அப்புறம் ஷிஃப்டைப் பிரியுங்கள். எங்களுடையது மூன்று: 9.30 முதல் 6.30, 11 முதல் 8, 12.30 முதல் 9.30. ஒவ்வொன்றிலும் 8 மணி நேர வேலை, 1 மணி நேர ஓய்வு. யாருக்கு எது வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். எல்லாரும் காலை ஷிஃப்டையே கேட்பார்கள் என்று பயந்தேன். அப்படி நடக்கவில்லை. தண்ணி லாரி வந்து குடம் நிரப்பிவிட்டுத்தான் கிளம்ப முடியும் என்று இரண்டு பேர் 11 மணியைக் கேட்டார்கள். விம்கோ நகரிலிருந்து மெட்ரோவில் வருபவருக்கு 12.30 வசதி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு சமையலையும் முடித்துவிடலாம். 3, 3, 4 என்று தானாகவே பிரிந்தது. வார லீவு திங்கள் முதல் வெள்ளி வரை தினம் இரண்டு பேருக்கு. அந்த இரண்டு பேரும் ஒரே ஷிஃப்டாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நான் தடுக்கி விழுந்தது ஓய்வு நேரத்தில். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-ன்படி ஒருவர் 4 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய வேண்டுமென்றால் அதற்குள் 1 மணி நேரமாவது ஓய்வு கொடுத்திருக்க வேண்டும். 12.30-க்கு வருபவர்களுக்கு நான் 5.30-க்கு ஓய்வு போட்டேன். அதற்குள் 5 மணி நேரம் ஆகிவிடுகிறது. அதைவிட மோசம், சரியாக அந்த நேரத்தில்தான் கூட்டம் ஏறும். “இந்த ஒரு கஸ்டமரை மட்டும் பாத்துட்டு போறேன் சார்” என்று சொன்னவர்கள் 9 வரை உட்காரவே இல்லை. மூன்று வாரம் கழித்துத்தான் கவனித்தேன். இப்போது 3.30 முதல் 4.30 வரை. காலை ஷிஃப்டுக்கு 12.30, நடு ஷிஃப்டுக்கு 1.30. ஒரு ஷிஃப்டின் ஓய்வும் இன்னொரு ஷிஃப்டின் ஓய்வும் முட்டாது. அட்டவணையில் ஓய்வுக்கென்று தனிக் கட்டம் போடுங்கள். எழுதாத ஓய்வை யாரும் எடுப்பதில்லை.

1918-ல் மெட்ராஸ் லேபர் யூனியன் உருவானபோது பெரம்பூர் மில் தொழிலாளர்களின் பெரிய குறைகளில் ஒன்று மதிய உணவு இடைவேளை போதவில்லை என்பது. நம் ஊர்க்காரர்கள் போராடிய விஷயம் இது. அதனால்தான் இந்தக் கட்டத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள் என்கிறேன். கடையில் உட்கார இருக்கை கொடுப்பதும், மேலே சொன்ன கடைகள் சட்டத்தில் 2021-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு கட்டாயம்.

கருவி என்று கேட்டால், கூகுள் ஷீட்ஸ் போதும். காசு கட்டும் ஷிஃப்ட் ஆப்கள் 10 பேருக்குத் தேவையே இல்லை. அதை பிரிண்ட் எடுத்து பில் கவுன்ட்டர் பக்கம் ஒட்டுங்கள், வாட்ஸ்அப் குரூப்பில் படமாகவும் போடுங்கள். ஷிஃப்ட் மாற்றிக்கொள்வதாக இருந்தால் இரண்டு பேரும் குரூப்பிலேயே சொல்ல வேண்டும். வாயால் சொன்னது செல்லாது.

ஷீட்ஸில் ஒரு சிக்கல் வரும். வார மொத்தம் 48 மணி வர வேண்டிய இடத்தில் 0:00 என்று காட்டும். ஃபார்முலாவில் தப்பில்லை. அந்தக் கட்டம் ‘டைம்’ என்று இருந்தால் ஒவ்வொரு 24 மணிக்கும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஃபார்மேட், நம்பர், அதில் ட்யூரேஷன் என்று மாற்றினால் 48:00:00 வந்துவிடும். ஒரு நாள் முழுக்க இதில் போனது எனக்கு.

பின்சேர்க்கை: பெண்கள் 9.30 வரை இருக்கலாமா என்று கமென்ட்டில் ஒரு சகோதரி கேட்டிருந்தார். நான் இதை எழுத விட்டுவிட்டேன். 10 அல்லது அதற்கு மேல் ஆட்கள் உள்ள கடைகளை எல்லா நாளும் திறக்க அரசு 2019-ல் அனுமதி கொடுத்தபோதே, 8 மணிக்கு மேல் பெண்களை வேலைக்கு வைக்க அவர்களுடைய எழுத்துபூர்வச் சம்மதமும் தகுந்த பாதுகாப்பும் வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. கடிதம் வாங்கி ஃபைலில் வையுங்கள். மனம் மாறினால் அடுத்த வாரமே காலை ஷிஃப்டுக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. காசிமேட்டிலிருந்து வரும் அக்கா ஒருவர் காலை ஷிஃப்ட். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், வீட்டுக்காரர் கடலுக்குப் போக மாட்டார், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். அந்த 61 நாளும் கடைசி ஷிஃப்ட் தரச் சொன்னார். அவருக்குப் பதிலாகக் காலைக்கு வர 12.30 ஷிஃப்டில் ஒருவர் ஒத்துக்கொண்டார். மாற்றும்போதே ஜூன் 15 அன்று யார் எந்த ஷிஃப்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதையும் அட்டவணையில் எழுதிவிட்டோம்.