பழைய ஃபோர்வீல் வண்டி: முதல் சனி, ஞாயிறு ஆக்ஸிலுக்கு

பழைய ஃபோர்வீல் டிரைவ் வண்டி கையில் இருந்தால் வின்ச், கூடுதல் விளக்கு எல்லாம் அப்புறம், முதலில் ஆக்ஸிலைப் பாருங்கள், அதாவது சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரங்கள் ஆயிலில் ஓடும் இரும்புக் கூட்டை. ஓடிச் சூடான ஆக்ஸில் குளிர்ந்த ஓடைத் தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், அந்த நேரம் மேலே காற்று போய்வர வைத்திருக்கும் சின்ன வால்வான பிரீதர் சேறு பிடித்து அடைத்திருந்தால் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும்.

சனிக்கிழமை ஆயில் மாற்றுங்கள். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஆயில் ஊற்றும் மேல் பிளக்கை முதலில் கழற்றுங்கள். இதை அழுத்தியே சொல்கிறேன்: பழைய வண்டியில் அது துருப்பிடித்து இறுகியிருக்கும், கீழே வடித்த பிறகு மேலே திறக்கவில்லை என்றால் வண்டியை ஓட்ட முடியாது. அது திறந்த பிறகு கீழ் பிளக்கைக் கழற்றி ஆயிலை வடியுங்கள். வடிந்தது பால் கலந்த காப்பி மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கீழ் பிளக்கில் காந்தம் இருந்து, அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருந்தால் சாதாரணத் தேய்மானம்தான். இரும்புத் துண்டுகள் வந்தால் பல்சக்கரங்களைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். புது ஆயிலைக் கையேட்டில் சொன்ன தரத்தில் வாங்கி, கீழ் பிளக்கை மாட்டிவிட்டு மேல் துளையில் வழியும்வரை ஊற்றுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிரீதர். பழைய வால்வைக் கழற்றி, அதே மரையில் ஹோஸ் நிப்பிள் (குழாய் மாட்டும் சின்ன இணைப்பு) பொருத்தி, ஆயில் தாங்கும் ரப்பர் குழாயை இன்ஜின் அறையின் மேல்பகுதிவரை கொண்டுபோய் நுனியில் சின்ன ஃபில்டர் மாட்டுங்கள். சக்கரம் முழுக்கக் கீழே தொங்கும்போதும் இழுபடாத அளவு குழாயைத் தளர்வாக விடுங்கள், சைலன்சர் பக்கம் போகவிடாதீர்கள்.