பரோயே மொழியின் ‘ஜிம்ஸ்டைனுர்’: வேர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட அட்லாண்டிக்கில் உள்ள பரோயே தீவுகளில் இரத்தினக் கல்லுக்கு ‘ஜிம்ஸ்டைனுர்’ என்று பெயர். கேட்டதுமே ஆங்கில ‘ஜெம்’ நினைவுக்கு வரும். அதிலிருந்துதான் இதை இரவல் வாங்கியிருக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். சொல்லின் வேரைத் தேடுகிறவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் இதுதான்.

இரண்டு ‘ஜ’வும் தனித்தனியாகப் பிறந்தவை. லத்தீன் ‘கெம்மா’ பிரெஞ்சு வழியாக வந்தபோது ஒலி மாறி ஆங்கிலத்தில் ‘ஜெம்’ ஆனது. பரோயே மொழியிலோ இகர, எகரங்களுக்கு முன்வரும் ககரம் அந்தத் தீவுகளிலேயே ‘ஜ’வாகக் குழைந்தது. ‘கொடு’ என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘ஜேவா’வைப் பாருங்கள். ஆங்கில ‘கிவ்’வுக்கு அது உடன்பிறப்பு, அங்கே ககரம் நிற்கிறது, இங்கே குழைந்துவிட்டது. எழுத்தில் மட்டும் இன்றும் பழைய ககர எழுத்தே இருக்கிறது. 1846-இல் ஹம்மர்ஷைம்ப் வகுத்த எழுத்துமுறை, பேசும் ஒலியைவிட, ஸ்காண்டிநேவிய மொழிகளின் மூதாதையான பழைய நார்ஸின் வடிவத்தையே பின்பற்றியது. ஆகவே இந்த மொழியில் காதை மட்டும் நம்பி வேர் சொல்லக் கூடாது.

சொல்லின் பின்பாதியான ‘ஸ்டைன்’ என்றால் கல். கடைசியில் உள்ள ‘உர்’ வெறும் எழுவாய் விகுதி. அதற்குப் பொருள் தேட வேண்டாம்.

டென்மார்க்கின் ஆட்சியில் நெடுங்காலம் இருந்த தீவுகள் என்பதால், எல்லாவற்றையும் டேனிஷ் கணக்கில் எழுதுவது இன்னொரு தவறு. டேனிஷ் இரவல்கள் அங்கே ஏராளம்தான். ஆனால் டேனிஷில் இரத்தினம் ‘எதெல்ஸ்டேன்’, அதாவது ‘உயர்குலக் கல்’, முன்பாதியே வேறு. நம் சொல்லின் நெருங்கிய உறவு ஐஸ்லாந்து மொழியின் ‘கிம்ஸ்டெயின்’. இரண்டுக்கும் தாய் பழைய நார்ஸ். அதற்கும் முன்னால் போனால் பழைய ஆங்கிலத்தில் ‘கிம்ஸ்தான்’ என்று இதே கூட்டுச்சொல் கிடைக்கிறது. அதன் முன்பாதி லத்தீன் ‘கெம்மா’வேதான். ஆக, ஆங்கிலத் தொடர்பு உண்டு. ஆனால் இன்றைய ‘ஜெம்’ வழியாக அல்ல.

எனக்கு மிகவும் பிடித்த தவறு ‘கெம்மா’வைப் பற்றியது. அந்தச் சொல்லுக்கு இரத்தினம், மொட்டு என இரு பொருள்கள். திராட்சைக் கொடி மொட்டு விடுவதை உழவர்கள் ‘கெம்மாரே’ என்று சொல்வதை ரோமானியப் பேச்சாளர் சிசரோ உவமையாகக் கொண்டார். நாட்டுப்புறத்தார்கூடக் கொடி இரத்தினம் பூப்பதாகச் சொல்கிறார்களே என்று எடுத்துக்காட்டினார். இன்றைய மொழியியலாளர்கள் அதைத் தலைகீழாகப் பார்க்கிறார்கள். மொட்டுதான் முதற்பொருள். கல்லுக்கு அந்தப் பெயர் பின்னால் வந்தது. உழவர் பேசியது உவமையே அல்ல, சொல்லின் பழைய பொருள்தான்.