கேன்வாஸ் கூடாரத்துக்குள் விறகு அடுப்பு: முதன்முறை வாங்குபவர்களுக்கு ஒரு செய்முறை

பனிக்காலத்தில் கூடாரம் போட்டுத் தங்குவது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு விடியும்வரை கிடப்பது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கேன்வாஸ் கூடாரமும் அதற்குள் ஒரு சின்ன விறகு அடுப்பும் இருந்தால், வெளியே மைனஸ் 20 டிகிரி இருக்கும்போது உள்ளே சட்டையோடு உட்கார்ந்து இஞ்சி டீ போடலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அல்கான்குவின் பூங்காவின் மியூ லேக் முகாம் குளிர்காலத்திலும் திறந்திருக்கும். காரை நேராகக் கூடாரம் போடும் இடத்துக்கே கொண்டுபோகலாம் என்பதால், கற்றுக்கொள்ள அது நல்ல இடம். அப்படிக் காரில் போகிறவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தோளில் சுமந்து காட்டுக்குள் நடப்பவர்களின் கணக்கே வேறு.

எல்லாரும் முதலில் அடுப்பைத்தான் தேடுகிறார்கள். கூடாரம், குழாய், அதற்கப்புறம் அடுப்பு என்ற வரிசையில் தேர்ந்தெடுங்கள். பணமும் மிச்சம், ஆபத்தும் குறைவு.

1. கூடாரம்

பருத்திக் கேன்வாஸ் அல்லது பருத்தி கலந்த துணி. சதுர கெஜத்துக்கு 10 அவுன்ஸ் எடை (சதுர மீட்டருக்குச் சுமார் 340 கிராம்) இருந்தால் போதும். நைலானில் ஒரு பொறி விழுந்தால் உருகிப் பெரிய ஓட்டையாகிவிடும். பருத்தியில் பெரும்பாலும் ஊசித் துளையோடு நின்றுவிடும். 'தீத்தடுப்பு பூசியது, சி.பி.ஏ.ஐ-84' (கூடாரத் துணிக்கான தீத்தடுப்புத் தரம்) என்று சீட்டில் போட்டிருந்தால் நல்லது. ஆனால் அதற்குத் தீப்பிடிக்கவே பிடிக்காது என்று அர்த்தமில்லை. தீயை விலக்கியதும் துணி தானாக அணைய வேண்டும், அவ்வளவுதான்.

கூரையிலோ சுவரிலோ குழாய் வெளியே போவதற்கு 'ஸ்டவ் ஜாக்' என்ற துண்டு தைத்திருக்க வேண்டும். அது சிலிக்கோன் பூசிய கண்ணாடியிழைத் துணி. ஸ்டவ் ஜாக் இல்லாத கூடாரத்தை வாங்கிவிட்டு, கத்தரியால் வெட்டி ஒன்றைத் தைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். முதல்முறைக்கு அந்த வேலை வேண்டாம். தரையையும் பாருங்கள். அடிவிரிப்பு சுவரோடு சேர்த்துத் தைத்த பி.வி.சி.யாக இருந்தால் அடுப்பு வைக்கும் இடத்தில் அது உருகும். ஜிப் வைத்துக் கழற்றக்கூடிய தரைதான் சரி.

2. குழாய்

பெரும்பாலான சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

முதலில் நீளம். குழாயின் மேல் முனை கூடாரத்தின் உச்சியைத் தாண்டி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று உச்சியில் மோதிச் சுழன்று புகையைக் குழாய்க்குள்ளேயே திருப்பித் தள்ளும், பொறியும் துணிமேல் விழும். உங்கள் கூடாரத்தின் உச்சி தரையிலிருந்து 210 செ.மீ. என்று வையுங்கள். அடுப்பின் மேற்பரப்பு 45 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. உச்சியை எட்ட 165 செ.மீ. வேண்டும், அதற்கு மேலே 30 செ.மீ., மொத்தம் குறைந்தது 195 செ.மீ. அடுப்போடு வரும் குழாய்த் துண்டுகளைக் கூட்டிப் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்று செருகும் இடத்தில் ஒவ்வொரு மூட்டிலும் சில செ.மீ. குறையும். போதவில்லை என்றால் அதே நிறுவனத்தின் அதே விட்டத்தில் இன்னொரு துண்டு வாங்குங்கள். வேறு நிறுவனத்துத் துண்டு பார்க்க ஒரே அளவாகத் தெரிந்தாலும் மூட்டில் ஆடும்.

அடுத்து, செருகும் திசை. ஒவ்வொரு துண்டிலும் ஒரு முனை சற்றுக் குறுகலாக, நெளிவு நெளிவாக இருக்கும். அடுப்போடு வந்த கையேடு வேறு மாதிரி சொல்லாதவரை அந்த முனை கீழ்நோக்கி இருக்கட்டும். புகையிலிருந்து படியும் கிரியோசோட் என்ற தார் அப்போதுதான் குழாயின் உள்பக்கமாகவே வழிந்து அடுப்புக்குத் திரும்பும். மாற்றிச் செருகினால் மூட்டு வழியாக வெளியே ஒழுகி, சூட்டில் நாற்றமடிக்கும்.

குழாயின் உச்சியில் பொறி தடுக்கும் வலை கட்டாயம். அதே வலைதான் தார் படிந்து முதலில் அடைபடும் இடமும். அடுப்புக் கதவைத் திறக்கும்போதெல்லாம் புகை முகத்தில் அடிக்க ஆரம்பித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான். தினமும் காலையில் குழாய் ஆறியிருக்கும்போது கழற்றி, ஒரு கம்பி பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

ஸ்டவ் ஜாக்கில் துளை வெட்டாமல் வந்திருந்தால் நீங்கள்தான் வெட்ட வேண்டும். சரிவான கூரை வழியாக நேர்க்குழாய் போகும்போது துளை வட்டமாக இருக்காது, நீள்வட்டமாக இருக்கும். முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பாருங்கள். அப்புறம் அசல் துணியில் அதைவிடக் கொஞ்சம் சிறியதாக வெட்டுங்கள். சிறிய துளையைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். குழாய் எந்த இடத்திலும் கேன்வாஸைத் தொடக் கூடாது. சிலிக்கோன் பூச்சு சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அடுப்பை முழு வேகத்தில் விட்டால் அடுப்புக்கு அருகே குழாய் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். ஸ்டவ் ஜாக் அடுப்பிலிருந்து தள்ளி, உயரத்தில் இருப்பது நல்லது என்பது இதனால்தான்.

கட்டடச் சாமான் கடையில் மலிவாகக் கிடைக்கும் துத்தநாகம் பூசிய தகரக் குழாயை வாங்காதீர்கள். சூடேறினால் துத்தநாகப் புகை வரும், அது மூச்சுக்கு ஆகாது.

3. அடுப்பு

காரில் போகிறவர்களுக்குத் துருப்பிடிக்காத எஃகு அடுப்பே போதும். டைட்டானியம் எடை குறைவு, விலை அதிகம், தகடு மெல்லியது. சட்டென்று சூடாகும், அதே வேகத்தில் ஆறியும் போகும். எஃகு கொஞ்ச நேரம் சூட்டைப் பிடித்துவைத்திருக்கும்.

பெரிய அடுப்பு வாங்கினால் நல்ல சூடு கிடைக்கும் என்று தோன்றும். சின்னக் கூடாரத்தில் பெரிய அடுப்பை வைத்தால் சூடு தாங்காமல் காற்றுத் திறப்பை மூடிவைப்பீர்கள். மூடிய அடுப்பில் விறகு சரியாக எரியாமல் புகையும், தார் படியும். சின்ன அடுப்பு, சுறுசுறுப்பான தீ, அதுதான் வேண்டும். கால்கள் ஆடாமல் நிற்கின்றனவா, கதவு இறுக மூடுகிறதா, காற்றுத் திறப்பையும் குழாயில் உள்ள டாம்பரையும் (புகை போகும் வழியைக் குறுக்கும் தகடு) கையுறை போட்ட கையால் திருப்ப முடிகிறதா என்று பாருங்கள். கண்ணாடிக் கதவு உங்கள் விருப்பம். அழகுதான், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

4. முதல் தீ வீட்டு வாசலில்

புது அடுப்பின் பெயின்டும் எண்ணெயும் முதல் சூட்டில் புகையாக வெளியேறும். அதை வெளியில் வைத்து ஒரு மணி நேரம் எரித்துவிடுங்கள். அடுப்புக்குள் அடியில் ஓர் அங்குலம் மணல் போட்டால் தகடு வளையாது என்று பல அடுப்புகளின் கையேட்டில் இருக்கும். உங்கள் அடுப்புக்கும் சொல்லியிருந்தால் அப்படியே செய்யுங்கள். கேன்வாஸுக்கும் ஒத்திகை உண்டு. முதல் பயணத்துக்கு முன் ஒருமுறை நன்றாக நனைத்துக் காயவிட்டால் நூல் ஊதித் தையல் துளைகள் அடைபடும்.

5. இடம் பார்த்து வைப்பது

பனிமேல் அடுப்பை அப்படியே வைத்தால் உருகி ஒருபக்கமாகச் சாயும். சாய்ந்தால் குழாய் கழன்று வரும். பனியைத் தள்ளித் தரையில் வையுங்கள். முடியாவிட்டால் நன்றாக மிதித்து இறுக்கி, ஒரு மணி நேரம் விட்டு, இரண்டு கட்டைகளைக் குறுக்கே போட்டு அதன்மேல் வையுங்கள். கீழே தீப்பிடிக்காத விரிப்பு. சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதைக் கையேடு சொல்லும். சொல்லாவிட்டால் அரை மீட்டருக்குக் குறையாமல் விடுங்கள், அந்தப் பக்கம் தகட்டு மறைப்பும் வையுங்கள். காற்றில் ஆடாதபடி குழாயை வெளியே மூன்று திசையில் கம்பியால் இழுத்துக் கட்டுங்கள்.

விறகு கொண்டுவர வசதி என்று அடுப்பைக் கதவோரமாக வைப்பது வழக்கம். சரிதான், ஆனால் தீப்பிடித்தால் அந்தக் கதவு வழியாகத்தான் ஓட வேண்டும். படுக்கும் இடத்திலிருந்து அடுப்பைத் தொடாமல் கதவுக்குப் போகப் பாதை இருக்கட்டும். தலைமாட்டில் ஒரு கூரான கத்தியும் இருக்கட்டும், வேறு வழியில்லை என்றால் சுவரைக் கிழித்துக்கொண்டு வெளியேற. பொடி வகைத் தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் வேண்டும். வாளித் தண்ணீரை நம்பாதீர்கள், உறைந்துபோகும்.

6. பற்றவைப்பது

பூங்காவிலேயே விறகு விற்கிறார்கள், அங்கேயே வாங்குங்கள். 'ஆஷ்' என்ற வகை மரங்களை அழிக்கும் பச்சை வண்டு விறகோடு பயணம் செய்து பரவும் என்பதால், வெளியிலிருந்து விறகு கொண்டுவர வேண்டாம் என்று ஒன்டாரியோ பூங்காக்கள் கேட்டுக்கொள்கின்றன. ஒரு தொல்லை என்னவென்றால், அந்தக் கட்டுகள் வெளியே மூட்டும் பெரிய நெருப்புக்கானவை. உங்கள் அடுப்பு வாய்க்கு அவை நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும். கைரம்பமும் சின்னக் கோடரியும் எடுத்துப்போய், பகல் வெளிச்சத்திலேயே மணிக்கட்டுத் தடிமனுக்குப் பிளந்து அடுக்கிவிடுங்கள்.

டாம்பரையும் காற்றுத் திறப்பையும் முழுதாகத் திறங்கள். அடியில் இரண்டு மூன்று பெரிய துண்டுகள், மேலே சுள்ளி, அதற்கும் மேலே காகிதம் அல்லது மெழுகுக் கட்டி. மேலிருந்து பற்றவையுங்கள். புகை குறைவாக வரும். குளிர்ந்த குழாயில் கனமான காற்று அடைத்துக்கொண்டிருக்கும். ஒரு தாளைச் சுருட்டிக் கொளுத்திக் குழாய்வாய்க்கு அருகே சில நொடி பிடித்தால் இழுப்பு தொடங்கிவிடும். தீ நிலைத்த பிறகு டாம்பரைப் பாதிவரை மூடலாம், முழுதாக ஒருபோதும் கூடாது. விறகு போடும்போது முதலில் டாம்பரைத் திறந்து, கதவை விரலளவு விட்டு, சில நொடி கழித்து முழுதாகத் திறங்கள்.

குழாய் சிவக்க ஆரம்பித்தால் காற்றுத் திறப்பை மூடிவிட்டுக் காத்திருங்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது.

7. ராத்திரி

தீ கொழுந்துவிட்டு எரியும்போது பயமாக இருக்கும். ஆனால் கார்பன் மோனாக்சைடு அதிகம் வருவது தணல் மட்டும் கனன்றுகொண்டிருக்கும் நேரத்தில். குழாயும் ஆறி, இழுப்பும் குறைந்து, நீங்களும் தூங்கியிருப்பீர்கள். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் குளிருக்காகப் பூட்டிய அறைக்குள் கரி நெருப்பு வைத்துத் தூங்கியவர்கள் இறந்துபோன செய்திகளைப் படித்திருப்பீர்கள். அதே வாயுதான் இது.

அதனால் புதியவர்களுக்கு என் கருத்து ஒன்றுதான்: அடுப்பு மாலைக்கும் விடியலுக்கும். இரவுக்கு ஸ்லீப்பிங் பேக். அடுப்பே இல்லாவிட்டாலும் அந்த இரவைத் தாங்கும் ஸ்லீப்பிங் பேக்கும், குளிரைத் தடுக்கும் தரைமெத்தையும் இல்லாமல் கிளம்பாதீர்கள். எப்படியும் சின்ன அடுப்பு ஓரிரு மணி நேரத்தில் அணைந்துவிடும். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்தி, காற்றுத் திறப்பை முழுதாகத் திறந்து, தணல் எரிந்து தீரும்வரை விழித்திருங்கள். 'இன்னும் ஒரு கட்டை போடலாமே' என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம்.

பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம் வேண்டும், படுக்கும் உயரத்தில். அதன் வரம்பும் தெரிந்திருக்கட்டும். வட அமெரிக்க வீட்டு அலாரங்கள் 70 பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் 70 பங்கு) அளவில் ஒலிக்க ஒரு மணி நேரத்திலிருந்து நான்கு மணி நேரம்வரை ஆகலாம். 400 பி.பி.எம்.-இல் 4 முதல் 15 நிமிடம். பல அலாரங்கள் 4 டிகிரிக்கு மேல்தான் சரியாக இயங்கும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு என்று எது வந்தாலும் அலாரத்துக்குக் காத்திருக்காமல் எல்லாரையும் எழுப்பி வெளியே வாருங்கள்.

மேலே ஒரு திறப்பு, கீழே ஒரு திறப்பு எப்போதும் இருக்க வேண்டும். பனி பெய்தால் கூடாரத்தின் கீழ் ஓரம் மூடிக்கொள்ளும், அவ்வப்போது தள்ளிவிடுங்கள்.

8. கிளம்பும்போது

சாம்பலுக்குள் தணல் நாள் கணக்கில் உயிரோடு இருக்கும். மூடி போட்ட தகர வாளியில் அள்ளி, பனியைப் போட்டுக் கிளறி, கைவைத்துப் பார்த்துக் குளிர்ந்த பிறகே கொட்டும் இடத்துக்குக் கொண்டுபோங்கள். குழாய்களை வெளியே தட்டித் தனிப் பையில் போடுங்கள், இல்லாவிட்டால் கரி கார் சீட்டில் ஏறிவிடும். கூடாரம் காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் தையலில் ஈரம் இருக்கும். வீட்டுக்கு வந்ததும் கராஜில் இரண்டு நாள் விரித்துப் போடுங்கள். கேன்வாஸில் ஒருமுறை பூஞ்சைக் கறை விழுந்தால் எந்தச் சோப்புக்கும் போகாது.